வாசலிலே ஒரு பாத்தி: பலகையும் தகரமும் போதும்!

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காய்கறி பயிரிடுவதைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. லயனுக்குப் பின்னால் நாலு முழம் மண் கிடைத்தால் போதும். அதில் வெண்டையும் கத்தரியும் மிளகாயும் போட்டு, வேலியோரம் முருங்கைக் கொம்பை ஊன்றி, கிணற்றடித் தண்ணீர் ஓடும் பக்கமாகக் கங்கோங்கையும் விட்டு, கடைப் பக்கமே போகாமல் ஒரு வாரம் குழம்பு வைத்தவர்கள் நம் பாட்டிமார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்கு வழியில்லாமல் போனபோது, லயன் ஓரத்து மரவள்ளிக் கிழங்குதான் எத்தனையோ உயிர்களைத் தாங்கியது. பிற்பாடு 1974-ல், விலைவாசி ஏறிக் கிடந்த நேரத்தில், துன் அப்துல் ரசாக் அவர்களின் அரசாங்கம் "பச்சைப் புத்தகத் திட்டம்" என்று ஒன்றைத் தொடங்கி, வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள் என்று சொன்னது. நம் பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். அதைத்தானே அவர்கள் அதுவரை செய்துகொண்டிருந்தார்கள்!

இப்போது நிலைமை வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. பிராங் புசார் தோட்டம் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா நிற்கிறது. அங்கே இருந்த குடும்பங்கள் 1990-களில் டிங்கில் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். அவர்களைப் போல் இன்னும் எத்தனையோ தோட்டத்து மக்கள் மலிவு விலை வீட்டுக்கும் தாமானுக்கும் வந்து சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் தண்ணீர் உண்டு, மின்சாரம் உண்டு, ஆனால் மண் இல்லை. வாசலிலும் சிமெந்து, பின்கட்டிலும் சிமெந்து. ஒரு கொத்து கறிவேப்பிலைக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. கையில் சங்கோல் பிடித்து வளர்ந்த பெரியவர்கள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சிமெந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காய்கறி விலையைவிட இதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தோன்றுகிறது.

ஆகவே இந்தக் கட்டுரையில், சிமெந்துத் தரையின் மேலேயே வைக்கக்கூடிய ஒரு செடிப்பெட்டியை நீங்களே செய்துகொள்ளும் விதத்தைச் சொல்லப் போகிறேன். சட்டம் மரம், சுவர் தகரம். நாலடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றே காலடிக்குச் சற்று மேலான உயரம். தச்சுவேலை தெரிந்தவர் வீட்டில் இருந்தால் ஒரு பகலில் முடிந்துவிடும். தெரியாதவர்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகலாம். தங்கச்சிமார்களே, இது ஆண்பிள்ளை வேலை என்று ஒதுங்கி நிற்காதீர்கள். பால்வெட்டுக் கத்தியைப் பிடித்த கைக்கு ரம்பம் ஒன்றும் பெரிதில்லை.

பானை பானையாக பிளாஸ்டிக் தொட்டி வாங்கினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். ஆனால் சின்னத் தொட்டியில் மண் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்; காலையில் ஊற்றிய தண்ணீர் பிற்பகலுக்கு மிஞ்சாது. வெயிலில் கிடக்கும் மலிவான பிளாஸ்டிக் சில வருஷங்களில் நொறுங்கவும் செய்கிறது. பெரிய பெட்டியில் மண் நிறைய இருப்பதால் ஈரமும் நிற்கும், வேரும் ஓடும். ஒரே பெட்டியில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய கீரை தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்.

எந்த மரம்?

நம் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ரப்பர் மரம்தான். இருபத்தைந்து, முப்பது வருஷம் பால் கொடுத்து முடிந்ததும் வெட்டிச் சாய்க்கப்படும் மரம். துண்டுகள் சல்லிசாகக் கிடைக்கும். வீட்டுக்குள் போடும் நாற்காலி மேசைக்கு அது அருமையான மரம். அந்தத் தளவாடங்கள் இன்று உலகமெங்கும் போகின்றன. ஆனால் மழையில் நிற்கும் வேலைக்கு அது உதவவே உதவாது. அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே நீலம் பாரித்துப் பூஞ்சணம் ஏறும், துளைக்கும் வண்டு விழும். ஆலைகளில் அதற்குப் போராக்ஸ் வகை மருந்து ஏற்றித்தான் காப்பாற்றுகிறார்கள். அந்த மருந்தும் மழைத் தண்ணீரில் கரைந்து போகிற ஜாதி. ஆகவே ரப்பர்ப் பலகையில் பெட்டி செய்தால், வெண்டைக்காய் இரண்டாம் முறை காய்க்குமுன் பெட்டி தரையோடு உட்கார்ந்துவிடும்.

செங்கால் மரம் கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றும் கேட்க வேண்டாம். கறையானும் லேசில் தொடாது, மழையும் அசைக்காது. புதிதாக வாங்கினால் விலை கையைச் சுடும் என்பது மெய். ஆனால் பழைய பலகை வீடுகளை உடைக்கும் இடங்களில் செங்கால், பாலாவ் போன்ற கெட்டி மரத் துண்டுகள் கிடைக்கும். மேலே கறுத்துக் கிடக்கிறதே என்று ஒதுக்காதீர்கள். கத்தியால் ஒரு சீவு சீவிப் பாருங்கள்; உள்ளே இறுகிய மரம் தெரியும். கையில் தூக்கினாலே அதன் கனம் சொல்லிவிடும். இதெல்லாம் அகப்படாதவர்கள் மரக்கடையில் சிவப்பு மெராந்தி கேட்கலாம். நிறம் அடர்த்தியாக உள்ளதைப் பார்த்து எடுங்கள்; வெளுத்துப் போன லேசான மெராந்தி வெளிவேலைக்குத் தாங்காது. அடர் சிவப்பு மெராந்தியும் செங்கால் அளவுக்கு நிற்காதுதான். சாயம் பூசி, தரையில் படாமல் வைத்தால் சில வருஷம் உழைக்கும்.

மூன்று வகை மரத்தை மட்டும் வீட்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள். தார் எண்ணெய் ஊறிய பழைய ரயில் சிலிப்பர் கட்டை ஒன்று. பச்சை பாரித்த மருந்து ஏற்றிய கம்பத்து மரம் இரண்டாவது. அதில் செம்போடு பாஷாணமும் கலந்திருக்கும். அதை அடுப்பெரிக்கவும் கூடாது. புகையும் சாம்பலும் விஷம். மூன்றாவது, பழைய சாயம் உரிந்துகொண்டிருக்கும் கதவு, ஜன்னல் பலகை. அந்தக் காலத்துச் சாயங்களில் ஈயம் இருந்தது. அது மண்ணில் விழுந்தால் கீரை வழியாகப் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகும். சாமான் ஏற்றும் பேலட் பலகைகளில் சூட்டு முத்திரை குத்தியிருப்பார்கள். அதில் எச்.டி. என்ற எழுத்து இருந்தால் சூடு காட்டிப் பூச்சி கொன்ற பலகை, தாராளமாக எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் நச்சுப் புகை போட்டது, விட்டுவிடுங்கள்.

"மருந்து" டிரம் விஷயம்

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எதற்குப் பலகையும் தகரமும்? மருந்து வந்த நீல டிரம் ஒன்றைப் பாதியாக வெட்டினால் தொட்டி ஆயிற்றே என்று நினைப்பவர்கள் நம்மில் அநேகர். தோட்டங்களில் அப்படி வெட்டிய டிரம்மில் தண்ணீர் பிடித்தவர்களும் உண்டு, மாட்டுக்குத் தீனி வைத்தவர்களும் உண்டு.

நாம் அதை "மருந்து" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். புல்லுக்கு மருந்து, பூச்சிக்கு மருந்து, மருந்தடிக்கிற வேலை. பெயரைக் கேட்டால் ஏதோ உடம்புக்கு நல்லது செய்வது போல இருக்கிறது. அது விஷம், தாய்மார்களே! பாராகுவாட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மிடறு உள்ளே போனாலே நுரையீரல் கெட்டு உயிர் போகும். அதை முறிக்க மாற்று மருந்து கிடையாது. நம் நாட்டில் 2002-ல் அதற்குத் தடை அறிவித்தார்கள், 2006-ல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுவதுமாக நிறுத்தினார்கள். அதற்குள் எத்தனை வருஷம் நம் பெண்கள் அந்தத் தோம்பை முதுகில் சுமந்து, முகத்துக்கு ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தார்கள்! தெனாகானித்தா அமைப்பு 2002-ல் வெளியிட்ட ஆய்வு, மருந்தடிக்கும் தோட்டப் பெண்களின் உடல்நலக் கேடுகளை விவரமாக எடுத்துக் காட்டியது. கண் எரிச்சல், மூக்கில் இரத்தம், நகம் கழன்று விழுதல் என்று அதில் இருப்பவை நம்மில் பலருக்கு வீட்டிலேயே பார்த்த சங்கதிகள்.

அந்த டிரம்மை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது. வெயில் படும்போது மெல்ல மெல்ல வெளியே வரும். தோட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். உரம் வந்த சாக்கு வேறு விஷயம். அதை நன்றாக அலசிக் காயவைத்தால் பெட்டிக்குள் விரிக்கப் பயன்படும். சமையல் எண்ணெய், சீனிப்பாகு போன்ற தின்னும் பண்டம் வந்த டிரம்மும் பாதகமில்லை. மேலே என்ன ஒட்டியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். சீட்டுக் கிழிந்து போன டிரம் என்றால் வேண்டாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தகரம்

லயன் கூரையில் மழை பெய்தால் தடதடவென்று சத்தம் போடுமே, அந்த நெளிவுத் தகரம்தான் நமக்கு வேண்டியது. இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகப் பூச்சு. புதிதாக வாங்கினால் எட்டடித் தகரம் ஒன்று போதும். பழையது என்றால், விரலால் அழுத்திப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் பயனில்லை, மேலே செம்மை படிந்திருந்தால் மட்டும் பரவாயில்லை. பழைய வீடுகளில் தகரத்தைப் போலவே நெளிந்த சாம்பல் நிறக் கூரை ஓடு இருக்கும். அது இரும்பு அல்ல, கல்நார் கலந்த சிமெந்து. அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தட்டினால் தகரம் கணீரென்று ஒலிக்கும், அது மொட்டென்று ஒலிக்கும், வித்தியாசம் தெரியும்.

இனி அளவு. சட்டத்துக்கு இரண்டங்குலச் சதுரக் கட்டை, பன்னிரண்டடி நீளத்தில் மூன்றும், நாலடித் துண்டு ஒன்றும் தேவை. முதல் இரண்டு நீளக் கட்டைகளிலும் ஒவ்வொன்றிலிருந்து 48 அங்குலத்தில் இரண்டு, 24-ல் ஒன்று, 20-ல் ஒன்று அறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் 24-ல் ஒன்று, 20-ல் இரண்டு, 12-ல் ஆறு. மிச்சமுள்ள நாலடித் துண்டில் 12 அங்குலத்தில் நான்கு எடுங்கள். ரம்பம் தின்கிற அளவுக்காக அந்தத் துண்டை ஒரு அங்குலம் கூடுதலாகவே கேட்டு வாங்குங்கள். அறுப்பதற்கு முன் எல்லாவற்றையும் பென்சிலால் கோடு போட்டு, ஒருமுறைக்கு இருமுறை அளந்துகொள்வது நல்லது. மரக்கடைக்காரரிடமே சொன்னால் வட்ட ரம்பத்தில் நிமிஷமாய் அறுத்துக் கொடுப்பார். அதற்குச் சின்னக் கூலி கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

48 அங்குலக் கட்டை இரண்டை மேலும் கீழுமாக வைத்து, நடுவே 12 அங்குலக் குத்துக்கட்டை மூன்றை, இரண்டு ஓரத்திலும் ஒன்று, மத்தியில் ஒன்றாக நிறுத்தித் திருகாணி போடுங்கள். ஏணியைப் படுக்கப் போட்டதுபோல ஒரு சட்டம் வந்துவிடும். இதேபோல் இன்னொன்று. 20 அங்குலக் கட்டைகளில் இரண்டு சின்னச் சட்டம். இவற்றுக்கு ஓரத்தில் மட்டும் குத்துக்கட்டை, நடுவில் வேண்டாம். எல்லாச் சட்டமும் 16 அங்குல உயரம் நிற்கும்.

கெட்டி மரத்தில் ஆணியை அப்படியே அடித்தால் ஆணி வளையும், இல்லாவிட்டால் மரம் வெடிக்கும். முதலில் சின்ன டிரில்லால் துளை போட்டு, மூன்று அல்லது மூன்றரை அங்குலத் திருகாணியை அதில் முறுக்குங்கள். திருகாணியின் மறையில் துணி துவைக்கும் சவர்க்காரத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும். திருகாணி துத்தநாகப் பூச்சு உள்ளதாக இருக்கட்டும். வெறும் இரும்பு என்றால் துருப்பிடிப்பதோடு மரத்தையும் சுற்றிலும் கறுப்பாக்கிவிடும். ஒவ்வொரு சட்டத்தையும் இறுக்குமுன் மூலைக்கு மூலை கயிற்றால் அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால் சட்டம் நேர். இல்லையென்றால் நீண்ட மூலையைத் தட்டிச் சரிசெய்ய வேண்டும்.

எட்டடித் தகரத்தை நெளிவுக்குக் குறுக்கே 16 அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டினால் சரியாக ஆறு துண்டு வரும். நீளப் பக்கத்துக்கு இரண்டிரண்டு, சின்னப் பக்கத்துக்கு ஒவ்வொன்று. தகரக் கத்தரியால் நெளிவின் மேலே வெட்டுவது கடினமான வேலை, மணிக்கட்டு விட்டுப்போகும். கடையிலேயே வெட்டித் தரச் சொல்லலாம். வீட்டில் வெட்டினால் கெட்டித் தோல் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வெட்டிய விளிம்பு சவரக் கத்திக்குச் சமானம்.

தகரத்தைச் சட்டத்துக்கு வெளியே அடிப்பதா, உள்ளே அடிப்பதா? கண்ணுக்கு அழகு வெளியே அடிப்பதுதான் என்று பலர் அப்படியே செய்கிறார்கள். மழை நாளில் ஈரமண் ஊதிக்கொண்டு தள்ளும்போது ஆணி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளும். உள்பக்கம் அடித்தால் மண் தள்ளத் தள்ளத் தகரம் மரத்தின்மேல் சாய்ந்து இறுகும். ஆணிக்கு வேலையே இல்லை. அதோடு மரச்சட்டம் வெளியே எடுப்பாகத் தெரிவதும் ஓர் அழகுதான். நெளிவு மேலிருந்து கீழாக ஓடும்படி வையுங்கள். அப்போதுதான் தகரம் விறைத்து நிற்கும், வெளிப்பக்கம் மழைநீரும் தேங்காமல் வழிந்துவிடும்.

நீளச் சட்டத்தில் இரண்டு முனையிலும் இரண்டங்குலம் விட்டு, நடுவிலுள்ள 44 அங்குலத்துக்கு மட்டும் தகரம் போட வேண்டும். அந்த இரண்டங்குலத்தில்தான் சின்னச் சட்டம் வந்து உட்காரும். இரண்டு துண்டும் நடுக் குத்துக்கட்டையின் மேல் ஒரு நெளிவு அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். ஓர் அங்குலத் திருகாணியை வாஷரோடு போட்டு இறுக்குங்கள். நாலு சட்டத்துக்கும் தகரம் அடித்தபின், சின்னச் சட்டங்களை நீளச் சட்டங்களுக்கு இடையே நிறுத்தி, மூலைக்கு மூன்று திருகாணி வீதம் பூட்டினால் பெட்டி எழுந்து நின்றுவிடும்.

அடித்தளம்

பெட்டியைச் சிமெந்தில் அப்படியே உட்கார வைக்காதீர்கள். ஈரத்தில் அடிக்கட்டை உளுத்துவிடும். ஆறு செங்கல்லை இரண்டிரண்டாக மூன்று வரிசை வைத்து, அவற்றின்மேல் மூன்று 24 அங்குலக் கட்டைகளைக் குறுக்கே போடுங்கள். ஒன்று நடுவில், மற்ற இரண்டும் பெட்டி முனையிலிருந்து நாலங்குலம் உள்ளே தள்ளி. அதன் மேல் பெட்டியை ஏற்றி வைத்து, உள்ளே நாலங்குல அகலப் பலகை நான்கை நீளவாக்கில், ஒரு சுண்டுவிரல் நுழைகிற அளவு சந்து விட்டுப் பரப்புங்கள். பலகை ஓர் அங்குலக் கனமாவது இருக்க வேண்டும். அந்தச் சந்து வழியாகத்தான் மழைநீர் வடியும். நம் ஊர் மழை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அரை மணி நேரத்தில் வாசலை ஆறாக்கிவிடும். தண்ணீர் போக வழியில்லாத தொட்டியில் மிளகாய்ச் செடி மூன்றே நாளில் தலை தொங்கிவிடும்.

செங்கல் வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கறையான் மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும். செங்கல்லின் மேல் அந்தக் குழாய் பளிச்சென்று தெரியும், குச்சியால் தட்டிவிடலாம். வாரம் ஒருமுறை பெருக்கும்போது குனிந்து பாருங்கள்.

கறுப்பு எண்ணெய், அதாவது லாரிகளிலிருந்து வடித்த பழைய இயந்திர எண்ணெயைக் கட்டைக்குப் பூசினால் கறையான் வராது என்று சிலர் பூசுவதுண்டு. வேலிக் கம்பத்துக்கு அப்படிச் செய்தார்கள். தின்னும் பயிர் வைக்கும் பெட்டிக்குக் கூடாது. வெளிப்பக்கத்துக்கு மட்டும் கடையில் விற்கும் மரச்சாயம் இரண்டு பூச்சுக் கொடுங்கள், போதும்.

மண் போடுமுன் ஒரு வேலை பாக்கி. நாலடி நீளக் கட்டை நடுவில் வெளியே வளையப் பார்க்கும். கெட்டியான துத்தநாகக் கம்பியை எதிரெதிரே உள்ள இரண்டு நடுக் குத்துக்கட்டைகளையும் சுற்றி வரும்படி இரட்டையாகக் கட்டி, மத்தியில் ஒரு பெரிய ஆணியைச் செருகி முறுக்குங்கள். கம்பி இறுகி இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும். தகரத்தில் அதற்கு ஓட்டை போட்டுக்கொள்ள வேண்டும். மண் மூடியபின் கம்பி கண்ணில் படாது.

மேல் விளிம்பில் தகரம் துருத்திக்கொண்டிருந்தால், பழைய ரப்பர்க் குழாயை நீளவாக்கில் கீறி, அந்த விளிம்பின்மேல் தொப்பி போல மாட்டிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் ஓடிவந்து கைவைக்கிற உயரம் அது.

மண்ணும் எடையும்

இந்தப் பெட்டி ஏறத்தாழ 230 லிட்டர் கொள்ளும். ஈரமண்ணை நிரப்பினால் 250 முதல் 300 கிலோ வரை வரும். பத்துக் கிலோ அரிசிப் பை இருபத்தைந்து, முப்பதை ஒரே இடத்தில் அடுக்கிய மாதிரி. தரை வீட்டு வாசலுக்குப் பிரச்சினையில்லை. மாடி வீட்டுப் பால்கனியில் இதே அளவைச் செய்து வைக்காதீர்கள். அங்கே இரண்டடிக்கு ஓரடி, எட்டங்குல உயரம் போதும். கீரையும் புதினாவும் அதில் தாராளமாக வரும். பொது நடைபாதையில் வைப்பதும் வேண்டாம். தீப்பிடித்தால் ஜனங்கள் ஓடுகிற வழி அது. வைத்த இடத்திலேயே மண்ணைக் கொட்டுங்கள், நிரப்பியபின் நகர்த்த முடியாது. ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாகப் பாருங்கள்.

பெட்டியின் உள்சுவரில் அலசிய உரச்சாக்கையோ கெட்டிப் பிளாஸ்டிக்கையோ சுற்றி விரியுங்கள். நம் மண்ணில் புளிப்பு அதிகம்; உரமும் சேர்ந்தால் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். துத்தநாகம் அளவுக்கு மீறி மண்ணில் இறங்கினால் செடிக்கும் ஆகாது. அடியில் மட்டும் பிளாஸ்டிக் வேண்டாம். அங்கே பழைய வலைத்துணியைப் போட்டு, அதன்மேல் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து ஒரு வரிசை அடுக்குங்கள். மட்டை ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், கனமும் குறையும். பிற்பகல் வெயில் அடிக்கிற பக்கத்துத் தகரம் சூடேறும். அந்தப் பக்கச் சுவரோரமும் மட்டையைச் செருகிவிட்டால் வேர் வேகாது.

மண் மூன்று பங்கு, மட்கிய எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. இதுதான் நர்சரிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கோழி எருவைப் பச்சையாகப் போட்டால் செடி கருகும். இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டுப் போடுங்கள். கருக்கிய உமி கிடைத்தால் மணலுக்குப் பதில் அதைச் சேர்க்கலாம், மண் லேசாகும். செம்பனை ஆலைப் பக்கம் இருப்பவர்கள் நெய்க் காய் எடுத்த வெறுங்குலையைக் கேட்டு வாங்கி, மட்கிய நாரை மேலே பரப்பினால் ஈரம் காக்கும். புளிப்பை அடக்க விவசாயச் சுண்ணாம்பு இரண்டு கைப்பிடி கலந்து, ஒரு வாரம் சும்மா விட்டு, அப்புறம் விதை போடுங்கள். மேல் விளிம்புக்கு இரண்டங்குலம் கீழே மண் நிற்கட்டும். இல்லாவிட்டால் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் வெளியே வழியும்.

முதல் போகத்துக்குக் கீரையும் கங்கோங்கும் போடுவதே புத்திசாலித்தனம். மூன்று நாலு வாரத்தில் சட்டிக்கு வந்துவிடும். வீட்டிலுள்ளவர்களுக்கும் ஓர் உற்சாகம் பிறக்கும். வெண்டைக்கு ஒன்றரை மாதம் ஆகும். மிளகாய்க்கு இரண்டரை, மூன்று மாதம் பொறுக்க வேண்டும். பயத்தங்காய் போட்டால் பின்பக்கக் கட்டையில் மூங்கில் குச்சி கட்டிக் கயிறு விடலாம். கறிவேப்பிலை, முருங்கை இரண்டையும் இந்தப் பெட்டியில் நடாதீர்கள். அவை மரங்கள், வேர் ஓடிப் பெட்டியைப் பிளந்துவிடும். செரையையும் தனித் தொட்டியில் வைப்பது நல்லது, விட்டால் எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளிவிடும். விதைக்குக் கடைக்கு ஓட வேண்டாம். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். தோட்டத்திலிருந்து வந்த கிழவிகளின் முந்தானை முடிச்சிலும் பால்மாவு டின்னிலும் இன்னும் நாட்டு விதை இருக்கிறது. கேட்க ஆளில்லாமல்தான் வைத்திருக்கிறார்கள்.

கொசு

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஆவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். அதற்கு ஒரு மூடித் தண்ணீரும் போதும். நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு கண்டால் அபராதம் விதிக்கலாம். அபராதம் கிடக்கட்டும், டிங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். ஆகவே பெட்டிக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் பிடிக்காதீர்கள். செங்கல்லின் குழிப்பக்கத்தைத் தரை பார்த்துக் கவிழ்த்து வையுங்கள். பூவாளி, வாளி, டின் எல்லாவற்றையும் வேலை முடிந்ததும் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். பெட்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் துடைப்பம் உள்ளே போகும்; தேங்கியதைத் தள்ளிவிடலாம்.

மூன்று நாலு மாதத்தில் மண் இரண்டு மூன்று அங்குலம் இறங்கியிருக்கும். பயப்பட வேண்டாம், எரு மட்கி அடங்குவதுதான். ஒவ்வொரு போகம் முடிந்ததும் வேரைக் கிளறி எடுத்துவிட்டு, புது எரு ஒரு வாளி போட்டுக் கலந்து, கத்தரி, மிளகாய் இருந்த இடத்தில் அடுத்த தடவை கீரையையோ பயற்றையோ மாற்றிப் போடுங்கள். ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைத்தால் வாடல் நோய் வரும். அப்படி மண் குறைந்திருக்கும் சமயத்தில் கம்பியையும் ஒருமுறை பாருங்கள். தளர்ந்திருந்தால் அந்த ஆணியை இன்னும் இரண்டு முறுக்கு முறுக்கி விடுங்கள்.